கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கிளிப்பைப் பாருங்கள்

கேள்வி: நேர்காணல்களும் சிறு ஆவணப்படங்களும் எடிட் செய்து கொடுப்பதுதான் என் தொழில். அண்மையில் புதுக் கேமராவுக்கு மாறினேன். 4கே, 10 பிட், 4:2:2, எச்.265 பதிவு. அதுவரை ஒழுங்காக ஓடிய என் மடிக்கணினி அன்றிலிருந்து டைம்லைனில் திணறுகிறது. இரண்டு கேமராக் கோணங்களை மல்டிகேமில் போட்டால் படம் உறைந்துவிடுகிறது, ஒலி மட்டும் ஓடுகிறது. 16 ஜிபி ராம், 6 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா கார்டு, விண்டோஸ், எடிட்டிங்குக்கு பிரீமியர் ப்ரோ. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் வாங்கு என்கிறார் ஒருவர். மேக் வாங்கு என்கிறார் இன்னொருவர். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு மாறிவிடு என்பவர்களும் உண்டு. இடையிடையே செல்போனில் எடுத்த கிளிப்களும் வருகின்றன; அவற்றில் போகப் போக உதடும் ஒலியும் விலகுகின்றன. சேமித்த பணத்தை ஒரு முறைதான் செலவழிக்க முடியும். எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

புதுக் கேமராவுக்கு மாறிய நாளிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்களே, தொடங்க வேண்டிய இடம் அதுதான். உங்கள் மடிக்கணினி முன்பு செய்த வேலையை இன்றும் அதே வேகத்தில்தான் செய்கிறது. அதற்கு நீங்கள் கொடுக்கும் கோப்புதான் மாறிவிட்டது. ஆகவே எந்தக் கணினி என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, கேமரா எப்படிப்பட்ட கோப்பைத் தருகிறது என்று பார்ப்போம். அதைப் பார்க்காமல் வாங்கினால், பணமும் போய், படமும் நின்று நின்றுதான் ஓடும்.

எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை. அந்தப் பதிவில் பெரும்பாலும் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. ஒரு ஃப்ரேம் முழுதாக இருக்கும். அதை அடுத்து வரும் பல ஃப்ரேம்களில், முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களோடு ஒப்பிட்டால் என்ன மாறியிருக்கிறது என்ற விவரம் மட்டும்தான் இருக்கும். கோப்பு இவ்வளவு சிறிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பிளேயரில் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டால் தொல்லை இல்லை. எடிட்டிங்கில் நாம் அப்படியா பார்க்கிறோம்? நடுவில் எங்கோ கர்சரை வைக்கிறோம், பின்னால் இழுக்கிறோம், ஒரு ஃப்ரேம் தள்ளி வெட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் கணினி பக்கத்திலுள்ள முழு ஃப்ரேமைத் தேடிப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. மல்டிகேமில் இரண்டு கோணம் என்றால் இரண்டு மடங்கு கணக்கு.

இந்த வேலைக்கென்றே ப்ராசஸரிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் தனியாக ஒரு டீகோடர் சுற்று, அதாவது சுருக்கிய கோப்பைப் பிரித்துப் படமாக்கும் சுற்று, இருக்கிறது. கார்டின் மற்ற பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விளையாட்டுகளில் பின்னி எடுக்கும் கார்டாக இருந்தாலும், அதன் டீகோடருக்கு உங்கள் கோப்பு வகை தெரியாது என்றால் அந்தச் சுமை முழுவதும் ப்ராசஸர் தலையில் விழும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான். செல்போன்களும் இணைய வீடியோக்களும் பயன்படுத்துவது 4:2:0 என்ற முறை. நிற விவரம் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கும். 4:2:2 முறையில் அகலத்தில் மட்டும் பாதி. சாதாரணப் பயனருக்கான டீகோடர்கள் நெடுங்காலம் முதல் வகையை மனதில் வைத்தே செய்யப்பட்டன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் 4:2:2 எச்.265 கோப்புக்கு வன்பொருள் டீகோடிங் கிடையாது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. அதாவது, 24 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டைப் போட்டிருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் 6 ஜிபி கார்டுக்கு இருக்கும் அதே குறை அதற்கும் உண்டு. நண்பர் சொன்னதைக் கேட்டு முந்தைய வரிசைக் கார்டு ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்டெல் ப்ராசஸர்களில் 11ஆம் தலைமுறை முதல், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி இந்தக் கோப்பைப் பிரிக்கும். குவிக் சிங்க் என்பது அதன் பெயர். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளிலும் எம்1 முதலே இந்த வசதி உண்டு. ஏஎம்டி ப்ராசஸரையோ கார்டையோ இந்த ஒரு காரணத்துக்காக நம்பி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்றபடி அவை நல்லவைதான்.

இப்போது ஒரு சோதனை. கிளிப் ஒன்றை டைம்லைனில் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஜிபியு பகுதியில் வீடியோ டீகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். அது அசையாமல் கிடக்க, சிபியு மட்டும் உச்சத்தில் நின்றால் நான் சொன்ன நோய்தான். அடுத்து உங்கள் ப்ராசஸர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 11ஆம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தியதோ என்றால் மருந்து உள்ளேயே இருக்கிறது, யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரீமியரின் பிரிஃபரன்சஸில் மீடியா பகுதிக்குப் போய், டீகோடிங்குக்கான வன்பொருள் உதவியில் இன்டெல் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணினிகள் சிலவற்றில், தனிக் கார்டு மட்டும் இயங்கும்படி ஒரு அமைப்பு இருக்கும். வேகம் கூடும் என்று அதைப் போட்டுவைத்தால் உள்ளே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ் அணைந்துவிடும், குவிக் சிங்க்கும் அதோடு போய்விடும். இந்த இரண்டில் ஒன்றைச் சரிசெய்ததோடு உங்கள் பிரச்சினை தீர்ந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

தீரவில்லை என்றாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். ப்ராக்ஸி இருக்கிறது: மூலக் கோப்புக்குப் பதிலாக, எளிதாக ஓடும் சிறிய பிரதி ஒன்றைச் செய்து அதை வைத்து எடிட் செய்வது. வேகமான கணினி இல்லாதவர்களின் குறுக்குவழி என்று பலர் இதை நினைக்கிறார்கள். பெரிய கணினிகள் வைத்திருக்கும் படத்தொகுப்புக் கூடங்களிலும் மூலக் கோப்பை நேரடியாக வெட்டுவது வழக்கமில்லை. கணக்கைப் பாருங்கள். உங்கள் கேமரா விநாடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் பதிகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. அதே ஒரு மணி நேரத்துக்கு 1080 அளவில், 30 ஃப்ரேம் வேகத்தில் எடிட்டிங்குக்கென உள்ள புரோரெஸ் ப்ராக்ஸி வகைக் கோப்பு செய்தால் விநாடிக்கு 45 மெகாபிட், ஏறக்குறைய 20 ஜிபி. டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற இன்னொரு வகையிலும் இதே அளவுதான் வரும். இவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் தன்னளவில் முழுப் படம் என்பதால் கர்சரை எங்கே இழுத்தாலும் உடனே ஓடி வரும். இரண்டு கேமராவிலும் மூன்று மூன்று மணி நேரம் பதிந்திருந்தால் மூலம் 540 ஜிபி, ப்ராக்ஸி 120 ஜிபி. படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

ப்ராக்ஸியில் தவறுகள் நடக்கும் இடங்கள் சில உண்டு. மூலத்தின் பெயர், ஃப்ரேம் வேகம், டைம்கோடு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர எண்), ஒலிச் சேனல்களின் எண்ணிக்கை இவை நான்கும் ப்ராக்ஸியிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒலிச் சேனல் பொருந்தவில்லை என்றால் பிரீமியர் இணைக்கவே மறுத்துவிடும். எடிட்டிங் மென்பொருள் வழியாகவே ப்ராக்ஸி செய்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது. ஃபோகஸ் சரியா என்பதை ப்ராக்ஸியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கலர் கிரேடிங் என்ற நிறத்திருத்த வேலையைத் தொடங்கும் முன் மூலத்துக்கு மாறிவிடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ராக்ஸியைப் பயன்படுத்து என்ற தேர்வு அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். மங்கலான படம் வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு பார்ப்பதைவிட அது மேல்.

கேமராவிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். எல்லா நேர்காணலுக்கும் 4:2:2 வேண்டுமா? பச்சைத் திரை வைத்து எடுக்கும்போது அதன் பலன் தெரியும், தலைமுடியின் ஓரம் சுத்தமாக வெட்டுப்படும். சாதாரண அறையில் உட்கார்ந்து பேசுபவரைப் படமெடுக்கும்போது, பிறகு நிறம் திருத்துவதற்கென மங்கலான தோற்றத்தில் எடுக்கும் லாக் பதிவாகவே இருந்தாலும், காப்பாற்றுவது 10 பிட்தான். ஒரு நிறத்துக்கு 8 பிட்டில் 256 படிநிலைகள், 10 பிட்டில் 1,024. சுவரில் விழும் வெளிச்சம் பட்டை பட்டையாகப் பிரியாமல் இருப்பதற்கு அந்த வித்தியாசம்தான் உதவுகிறது. 4:2:0, 10 பிட், எச்.265 என்ற அமைப்பு உங்கள் கேமராவில் இருந்தால் அதில் சோதனையாக ஒன்று எடுத்துப் பாருங்கள். கடந்த பல ஆண்டுகளில் வந்த ஏறக்குறைய எல்லாக் கார்டுகளும் அதை எளிதாகப் பிரிக்கும். ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாகப் பதியும் ஆல் இன்ட்ரா முறை இருந்தால் அதுவும் ஒரு வழி. கோப்பு பெரிதாகும், ப்ராசஸருக்குச் சுமை குறையும்.

இதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். அதில் தவறில்லை, தொழில் செய்பவருக்குக் கருவி வேண்டும். வேலை ஒரே அறையில் நடக்கிறது என்றால் விண்டோஸ் டெஸ்க்டாப் என்பேன். பிறகு ராம் கூட்டலாம், கார்டு மாற்றலாம், டிஸ்க் சேர்க்கலாம். இன்டெல் வாங்கினால் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வரும் ப்ராசஸரை மட்டும் தொடாதீர்கள். கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆனால் அதில் உள் கிராஃபிக்ஸ் இல்லை. உங்களுக்கு வேண்டிய குவிக் சிங்க்கும் இல்லை. கணினி தெரிந்தவர்களே தனிக் கார்டுதான் இருக்கிறதே என்று இதை வாங்கித் தந்துவிடுவார்கள். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே வெட்டிக் காட்ட வேண்டிய வேலை அதிகம் என்றால் மேக்புக் நல்ல தேர்வு, மின் இணைப்பு இல்லாமலும் வேகம் அதிகம் குறையாது. ஆனால் அதன் நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது, அதே நினைவகத்தைத்தான் கிராஃபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்கிறது. வாங்கும் அன்றே தாராளமாக எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் மடிக்கணினி என்றால், கார்டின் பெயர் டெஸ்க்டாப் கார்டின் பெயராகவே இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு என்பதை மறக்காதீர்கள். ஒரே பெயருள்ள கார்டு ஒரு மடிக்கணினியில் அதிக வாட்டிலும் இன்னொன்றில் குறைந்த வாட்டிலும் ஓடும்.

ராம் 32 ஜிபி. அசையும் எழுத்து, வரைகலை செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளைத் தினமும் திறப்பவர் என்றால் 64. இதில் யோசிக்க அதிகம் இல்லை. கார்டின் நினைவகம் பற்றி ஒன்று சொல்லலாம்: வெறும் வெட்டு வேலைக்கு 8 ஜிபி போதும், ரிசால்வில் 4கே டைம்லைன் மீது, படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை அடுக்கினால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். அந்த வேலை உங்களுக்கு வாடிக்கை என்றால் 12 அல்லது 16 ஜிபி பாருங்கள்.

பணத்தை வீணாக்கவும் காப்பாற்றவும் நிறைய இடமிருப்பது சேமிப்பகத்தில்தான். விநாடிக்கு 7,000 மெகாபைட் வேகம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். 4கே, 30 ஃப்ரேம் புரோரெஸ் 422 கோப்பு கேட்பது விநாடிக்கு 471 மெகாபிட். எட்டால் வகுத்தால் 59 மெகாபைட். இரண்டு கோணம் சேர்ந்தால் 118. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500க்கு மேல் தரும். உங்கள் எச்.265 கோப்புக்கு இதுவும் வேண்டாம், இரண்டு கோணத்துக்கும் சேர்த்து 50 மெகாபைட் போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் தனி ஒரு கோப்பை வரிசையாக வாசித்தால் 150, 200 மெகாபைட் தரும்தான். ஆனால் இரண்டு மூன்று கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்டால் அதன் வாசிப்பு ஊசி அங்குமிங்கும் அலைய வேண்டும், வேகம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். எனவே நடந்துகொண்டிருக்கும் வேலை எஸ்எஸ்டியில், முடிந்த வேலை ஹார்ட் டிஸ்க்கில். கையடக்க எஸ்எஸ்டி வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். மலிவானவற்றில் முதல் சில பத்து ஜிபி பறக்கும், பிறகு உள் கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். கேபிளையும் பாருங்கள். போன் சார்ஜருடன் வந்த டைப் சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2 வேகம்தான் தரும்; எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி மாட்டினாலும் நடைமுறையில் விநாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று மாற்றக் கொண்டுபோகும் பலர் கேபிளை மாற்றினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் பேக்கப் என்ற பேச்சே இல்லை. நேர்காணல் தந்தவரை மறுபடி உட்காரவைத்து அதே பதிலை வாங்க முடியாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு கட்டிடத்தில் என்பது உலகெங்கும் கடைப்பிடிக்கும் முறை. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பு ஒரு டிஸ்க் செத்தாலும் வேலையைத் தொடர உதவும், அவ்வளவே. தவறுதலாக நீங்கள் அழித்ததை அதுவும் அழித்துவிடும். இணையத்தோடு தானாக ஒத்திசைக்கும் ஃபோல்டரும் அப்படித்தான். கேமரா கார்டிலிருந்து கிளிப்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் உள்ளிருக்கும் ஃபோல்டர் அமைப்பை அப்படியே பிரதி எடுங்கள். செக்சம் சரிபார்க்கும், அதாவது பிரதி மூலத்தோடு அப்படியே பொருந்துகிறதா என்று பார்க்கும் மென்பொருள் வழியாக இரண்டு இடத்தில் பிரதி உறுதியான பிறகே கார்டை ஃபார்மேட் செய்யலாம். உங்கள் பணத்தில் முதல் ஒதுக்கீடு இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு அதற்குப் பிறகுதான்.

செல்போன் கிளிப்களில் ஒலி விலகுவதற்குக் கணினி காரணமில்லை. போன்கள் வெளிச்சத்துக்கும் சுமைக்கும் ஏற்ப ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. எடிட்டிங் மென்பொருள் சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் என்ற கோப்பு மாற்றும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். அவற்றில் ஒன்றின் வழியாகச் சீரான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள். திரையைப் பதிவுசெய்த கிளிப்களுக்கும் இதே மருந்துதான்.

மென்பொருள் விஷயத்தில் என் கருத்து சுருக்கமானது. கணினியையும் மென்பொருளையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். ஏதாவது தகராறு வந்தால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். ரிசால்வ் நல்ல மென்பொருள், நிற வேலைக்கு நான் கை வைப்பது அதில்தான். பணம் கட்டி வாங்கும் ஸ்டுடியோ பதிப்புக்கு மாதச் சந்தாவும் இல்லை. ஆனால் இலவசப் பதிப்பை இந்தக் கேமராக் கோப்புகளோடு சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸில் எச்.264, எச்.265 கோப்புகளுக்கு வன்பொருள் உதவியைப் பயன்படுத்துவதில் இலவசப் பதிப்புக்குக் கட்டுப்பாடுகள் உண்டு, லினக்ஸில் அந்தக் கோப்புகள் திறப்பதே இல்லை. மென்பொருளின் வரம்பைப் பார்த்துவிட்டுக் கணினியைத் திட்டுவீர்கள். எந்த அமைப்பில் எந்தக் கோப்பு ஓடும் என்ற பட்டியலை ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனமே வெளியிடுகிறது, முதலில் அதைப் பாருங்கள்.

அதோடு, உங்களிடம் புராஜெக்ட் கோப்பை யார் தருகிறார்கள், நீங்கள் யாருக்குத் தருகிறீர்கள்? எதிர்ப்பக்கம் எல்லோரும் பிரீமியர் என்றால் மாறுவதில் அர்த்தம் இல்லை. இரண்டு மென்பொருளும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பு வழியாக அனுப்பினால் வெட்டுகள் போய்ச் சேரும். எழுத்துகள், எஃபெக்ட்கள், நிறத்திருத்தம் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். பழகிப் பார்க்க ஆசை இருந்தால் அவசரமில்லாத சின்ன வேலை ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே ரிசால்வில் செய்து பாருங்கள். எதில் இருந்தாலும் நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு நடுவே புதுப்பதிப்புக்கு மாறாதீர்கள். புதியதில் ஒரு முறை சேமித்த புராஜெக்டைப் பழையது திறக்காது.

கடைசியாக வாங்கும் நாளைப் பற்றி. உங்கள் இரண்டு கேமராக் கிளிப்களையும் ஒரு எஸ்எஸ்டியில் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில், ப்ராக்ஸி இல்லாமல், முழுத் தெளிவில், மல்டிகேமாக ஓடவிடச் சொல்லுங்கள். மடிக்கணினி என்றால் இருபது நிமிடமாவது ஓடட்டும். மெல்லிய உடல் உள்ளவை முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், சூடு ஏறிய பிறகுதான் சுயரூபம் தெரியும். ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் அந்த வீடியோ டீகோட் வரைபடம் அசைகிறதா என்று பாருங்கள். மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரில் சிபியு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். விற்பவர் தன்னிடம் இருக்கும் பளபளப்பான 8கே டெமோவைப் போட்டுக் காட்டினால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது அநேகமாக 4:2:0 ஆகத்தான் இருக்கும்.